பேய்ப் படமும் எங்கள் பயமும்

நாங்கள் வேலை செய்யும் பாண் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு அரை மணித்தியால இடைவேளை உண்டு. அதிகாலை இரண்டு மணிக்குச் சாப்பாட்டு அறையில் பல நாட்டவரும் ஒரு மேசையில் இருப்போம். தமிழர் நாங்கள் மூன்று பேர். மற்றவர்கள் நோர்வேஜியர், போலந்துக்காரர், சோமாலியர். கடந்த மாரிகாலத்தில் ஓரிரவு பேச்சு பேய்ப் படங்களின் பக்கம் திரும்பியது. 'உன்னை நன்றாகப் பயப்படுத்திய படம் எது?' என்று நோர்வேஜிய இளைஞன் ஒருவன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தான்.

போலந்துப் பெண் 1973இல் வந்த 'எக்ஸோர்சிஸ்ட்' என்றார். இன்னொருவர் 1998இல் வந்த யப்பானியப் படமான 'ரிங்' என்றார். அதில் தலைமயிரால் முகத்தை மூடிய பெண் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்து ஊர்ந்து வெளியே வருவாள். அதைப் பார்த்தபின் ஒரு மாதம் ரி.வி.க்குத் துணி போட்டு மூடி வைத்ததாகச் சொன்னார். எங்கள் முறை வந்தது. 'எங்களுக்குப் பேய்ப் படம் பயமில்லை' என்றோம். எல்லோரும் சிரித்தார்கள். சோமாலிய நண்பர் மட்டும் சிரிக்கவில்லை.

'எனக்கும் படம் பயமில்லை. இரவில் நாய் குரைத்தால்தான் பயம்' என்றார் அவர்.

நாங்கள் மூவரும் அவரைப் பார்த்தோம். ஒருவரும் மேலே எதுவும் கேட்கவில்லை. இடைவேளை முடிந்து எழுந்து போனோம். ஆனால் அந்த வார்த்தை பல நாட்களாக எங்களோடு இருந்தது. ஒரு படம் ஏன் பயமுறுத்துகிறது? எங்களில் சிலரை அது ஏன் பயமுறுத்துவதில்லை? அதே ஆட்கள் ஒரு நாயின் குரைப்புக்கு ஏன் நடுங்குகிறோம்? நாங்கள் சினிமா விமர்சகர்கள் அல்ல. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, இன்று இயந்திரத்தின் முன்னால் நிற்பவர்கள். ஆனால் பயத்தைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் தெரியும்.

மத்தியானம் வந்த பேய்

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். நாங்கள் அப்போது சிறுவர்கள். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பி, ஓடு போன வீட்டைத் தகரத்தாலும் கிடுகாலும் மூடிக்கொண்டு குடியிருந்தோம். எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் வரவில்லை. யாராவது வீட்டில் விசேடம் என்றால் ஜெனறேற்றரும் ரி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். இரவில் ஊரடங்குச் சட்டம். ஆகவே படம் மத்தியானமே தொடங்கிவிடும். பேய்ப் படம் வெளிச்சத்தில் எடுபடாது என்று யன்னல்களுக்குச் சாக்கும் போர்வையும் கட்டி இருட்டாக்குவார்கள்.

அப்படி ஒரு மத்தியானம் பார்த்த படம் '13ஆம் நம்பர் வீடு'. 1990இல் பேபி என்ற இயக்குநர் எடுத்தது. சிறுவர்கள் முன்னால் பாயில், பெரியவர்கள் பின்னால் வாங்கில். பேய் வரும் இடத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினோம். பின்னால் இருந்த பெரியம்மாவும் கத்தினார். பிறகு தான் கத்தியதை நினைத்து அவரே சிரித்தார்.

திடீரென்று ரி.வி. அணைந்தது. ஜெனறேற்றருக்குக் காவலாக வெளியில் நின்ற அண்ணை அதை நிற்பாட்டிவிட்டார். 'ஏன் நிப்பாட்டினனீங்கள்?' என்று கேட்க வாயெடுத்த நேரத்தில்தான் நாய் குரைப்பது கேட்டது. முதலில் ஒழுங்கை முனையில் ஒரு நாய். பிறகு அடுத்த வளவு நாய். பிறகு எங்களுக்குக் கிட்டவுள்ள நாய். நாய்கள் குரைக்கும் ஒழுங்கைக் கொண்டே ரோந்து எந்தப் பக்கத்தால் வருகிறது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். பெரியம்மா ஒரு கையால் எங்கள் வாயைப் பொத்தினார். சப்பாத்துச் சத்தம் படலைக்கு வெளியே வந்தது, ஒரு கணம் நின்றது, பிறகு கடந்து போனது.

கால் மணித்தியாலம் கழித்து ஜெனறேற்றரை இழுத்தார்கள். விட்ட இடம் தெரியாததால் கசற்றைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார்கள். அதே பேய் அதே இடத்தில் திரும்ப வந்தது. இம்முறை ஒருவரும் கத்தவில்லை. 'இது எங்களை ஒண்டும் செய்யாது, பாருங்கோ பிள்ளையள்' என்றார் பெரியம்மா.

அன்று நடந்தது இப்போதுதான் எங்களுக்கு விளங்குகிறது. பேய்ப் படம் தருவது இரவல் பயம். படம் முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அதை அனுபவிக்க முடியும். பயம் வந்தால் இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், உடம்பு ஓடுவதற்கோ சண்டை பிடிப்பதற்கோ தயாராகும். படத்துக்கும் நிசத்துக்கும் இது பொது. ஆனால் படம் பார்க்கும்போது 'நான் கதிரையில் இருக்கிறேன், கதவு பூட்டியிருக்கிறது' என்று மனத்தின் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கத்தி முடிந்ததும் சிரிப்பு வருகிறது. பாதுகாப்பு இல்லாத இடத்தில் பேய்ப் படம் வேலை செய்யாது.

காட்டாமல் விடுவது

சரி, கதவு பூட்டியிருக்கிறது, நாம் கதிரையில் இருக்கிறோம். அப்போது ஒரு படம் எப்படிப் பயமுறுத்துகிறது?

முதலாவது, காட்டாமல் விடுவதால். 1975இல் ஸ்ரீவன் ஸ்பில்பேர்க் எடுத்த 'ஜோஸ்' படத்துக்காக இயந்திரச் சுறா செய்தார்கள். கடல் தண்ணீருக்குள் அது அடிக்கடி பழுதாகியது. வேறு வழியின்றிச் சுறாவைக் காட்டாமலே காட்சிகளை எடுத்தார்கள். படம் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்ற பிறகுதான் சுறாவை ஒழுங்காகக் காண்கிறோம். அதற்கிடையில் வெறும் தண்ணீரைப் பார்த்தே பயப்படப் பழகிவிடுகிறோம். 1999இல் வந்த 'பிளேர் விச் புறொஜெக்ற்' படத்தில் சூனியக்காரி கடைசிவரை வருவதே இல்லை. இயக்குநர் காட்டும் பேய்க்கு ஒரு உருவம்தான் உண்டு. காட்டாமல் விட்ட பேய்க்கு அவரவர் தம் பயத்துக்கு ஏற்ற உருவத்தைக் கொடுத்துக்கொள்கிறார்கள்.

தமிழில் 1966இல் வந்த 'யார் நீ?' படத்தை அம்மாக்கள் இன்றும் சொல்வார்கள். ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தது. 1964இல் வந்த ஹிந்திப் படமொன்றின் தழுவல். மழையிரவு, வெள்ளைச் சேலை, பி. சுசீலாவின் குரலில் ஒரு பாட்டு. இரத்தம் கிடையாது, கோர முகம் கிடையாது. அந்தப் பெண் யார் என்று தெரியாததுதான் பயம்.

இரண்டாவது, சத்தம். 1960இல் ஹிச்கொக் எடுத்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் கொலையைப் பார்க்காதவர்களும் அதன் இசையைக் கேட்டிருப்பார்கள். கத்தி உடம்பைக் கிழிப்பதை அக்காட்சியில் நாம் பார்ப்பதே இல்லை என்று சொல்லலாம். இரத்தமாகத் தெரிந்தது சொக்லேற் பாணி. வெட்டுவது இசைதான். தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து அதை அமைத்தவர் பேர்னாட் ஹெர்மன். அந்த இடத்துக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிச்கொக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதியதைக் கேட்ட பிறகு மனத்தை மாற்றிக்கொண்டார்.

திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு என்பதையும் ஹிச்கொக் விளக்கியிருக்கிறார். மேசைக்குக் கீழே குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் பார்ப்பவர்கள் ஒரு கணம் திடுக்கிடுவார்கள். குண்டு இருப்பதை முதலே காட்டிவிட்டு, மேசையில் இருப்பவர்களைச் சாதாரணமாகக் கதைக்கவிட்டால், அவர்கள் கதைத்து முடிக்கும்வரை பார்ப்பவர்கள் பதறுவார்கள். இன்றைய படங்கள் பலவற்றில் பூனை பாய்வதும் கதவு அடிபடுவதுமாகத் திடுக்கிடல்தான் அதிகம். அவை வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிடும். காத்திருக்க வைக்கும் படம்தான் படுக்கைவரை கூட வரும்.

மேசையையும் குண்டையும் எங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பொம்பர் வரும் சத்தம் கேட்டு, அது குத்தும்வரை பதுங்கு குழிக்குள் எண்ணிக்கொண்டு இருந்தவர்கள் நாம்.

தெரிந்த முகம், தெரியாத மொழி

மூன்றாவது காரணம்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. நன்கு தெரிந்த ஒன்று தெரியாததாக மாறுவது.

1993இல் பாசில் இயக்கிய மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்'. ஷோபனாவுக்கு அது தேசிய விருதைப் பெற்றுக் கொடுத்தது. தமிழில் அது பி. வாசுவின் இயக்கத்தில் 2005இல் 'சந்திரமுகி' ஆகியது. ரஜினிகாந்தும் ஜோதிகாவும் நடித்த அப்படத்தைப் பார்க்காத தமிழ் வீடு ஒஸ்லோவிலும் இருக்காது. கதையில் உண்மையில் பேய் இல்லை. அன்பான மனைவி ஒருத்தியின் மனநோய்தான் பேயாக வருகிறது. அவள் கட்டிலை ஒரு கையால் தூக்குவதை நாம் பயத்தோடு பார்த்தோம். ஆனால் அதைவிடப் பயம் அவள் வேறொரு மொழியில் பேசத் தொடங்கும் இடம்.

இந்தக் கதை எடுக்கப்பட்ட ஒவ்வொரு மொழியிலும் இதைக் கவனிக்கலாம். மலையாளப் படத்தில் அந்தப் பேய் தமிழ் பேசும். தமிழ்ப் படத்தில் தெலுங்கு பேசும். 2004இல் வந்த கன்னடப் படமான 'ஆப்தமித்ரா'விலும் தெலுங்கு. 2007இல் வந்த ஹிந்திப் படமான 'பூல் புலையா'வில் வங்காளம். பேய்க்கு எப்போதும் பக்கத்து வீட்டாரின் மொழி. மலையாளிகளைப் பயமுறுத்துவதற்கு எங்கள் தமிழே போதுமானதாக இருந்தது என்பது சிரிப்புக்குரிய விடயம்தான். ஆனால் நடு இரவில் கதவுக்கு வெளியே விளங்காத மொழியில் யாரோ கத்துவதைக் கேட்டவர்களுக்கு அது வெறும் சிரிப்பல்ல.

வீடும் இப்படித்தான். 2009இல் விக்ரம் குமார் இயக்கிய 'யாவரும் நலம்' படத்தில் ஒரு குடும்பம் 13ஆம் மாடியில் புது வீட்டுக்குக் குடிவருகிறது. மாதவனுக்கு மட்டும் லிப்ற் வேலை செய்யாது. தொலைக்காட்சியில் போகும் நாடகத்தில் அந்தக் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் அப்படியே நடக்கும். புதிதாகத் தொடர்மாடிக்கு வந்த எங்களுக்கு அந்த லிப்ற் நன்கு விளங்கும். முதல் மாரிகாலத்தில் ஒஸ்லோ வீட்டின் ஒவ்வொரு சத்தமும் எங்களுக்குப் புதிது. இரவில் சூடாக்கி 'டக் டக்' என்று தட்டும். கீழே நிலவறையில் சாமான் வைக்கும் அறைகளுக்குப் போனால் வெளிச்சம் தானாக அணையும். மேல் வீட்டில் யாரோ நடப்பார்கள், ஆளைக் கண்டதே இல்லை. பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும். இவற்றுக்கெல்லாம் காரணம் தெரியவர ஒரு வருடம் எடுத்தது. காரணம் தெரிந்ததும் பயம் போய்விட்டது. புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் வெட்கப்படாமல் அயலவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த நாட்டுப் பேய்கள்

நோர்வேஜியருக்கும் பேய்கள் உண்டு. எங்கள் மோகினியின் கால் நிலத்தில் படாது என்பார்கள். இவர்களின் காட்டில் ஹுல்ட்ரா என்ற அழகி திரிவாள், அவளுக்குப் பின்னால் பசுவின் வால் இருக்கும். நாங்கள் காலைப் பார்க்க வேண்டும், இவர்கள் வாலைப் பார்க்க வேண்டும். கிணற்றடிக்குப் போகாதே, பூதம் இழுத்துவிடும் என்று எங்களை வெருட்டினார்கள். இங்கே ஏரிக்குள் நெக்கன் இருக்கிறது என்று வெருட்டினார்கள். தேயோடோர் கித்தெல்சன் 1904இல் வரைந்த நெக்கனின் படத்தில், தண்ணீருக்கு மேலே தலையும் இரண்டு கண்களும்தான் தெரியும். மிச்சம் தண்ணீருக்குக் கீழே. காட்டாமல் விடுவது என்று மேலே சொன்னோமே, அதேதான். பிள்ளைகள் தண்ணீரில் விழாமல் இருக்க இரு நாட்டுத் தாய்மாரும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இவர்களின் பழைய பேய்ப் படமும் தண்ணீரைப் பற்றியதே. 1958இல் வந்த அதன் பெயருக்கு 'இறந்தோரின் குளம்' என்று பொருள். அந்திரே பியர்கெ புனைபெயரில் 1942இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. 2006இல் வந்த 'பிரித் வில்த்' படத்தில் யூத்துன்ஹைமன் மலையில் பனிச்சறுக்குக்குப் போன இளைஞர்கள், ஒருவருக்குக் கால் முறிந்ததால், கைவிடப்பட்ட விடுதி ஒன்றில் தங்குகிறார்கள். மிகுதியை ஊகித்திருப்பீர்கள். நோர்வேஜியரின் பயம் ஆள் இல்லாத இடத்தில் இருக்கிறது. எங்கள் பயம் ஆட்கள் வருவதில் இருந்தது. வேலைத்தள நண்பர்கள் காட்டுக்குடிலில் தனியே தங்குவது பயம் என்று சொன்னபோது எங்களுக்கு விளங்கவில்லை. தனியே இருந்தால் நிம்மதி அல்லவா என்று கேட்டோம்.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. தமிழ்ப் படத்துப் பேய்க்கு அநேகமாக ஒரு நியாயம் இருக்கும். 2011இல் வந்த 'காஞ்சனா' சிரிப்புப் படம் என்றாலும், அதில் வரும் பேய் அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவரின் ஆவி. 2014இல் மிஷ்கின் எடுத்த 'பிசாசு'வில் பேயிடம் எங்களுக்குப் பாசமே வந்துவிடுகிறது. இதைப் பற்றி எங்கள் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர் சொன்னதை இங்கே எழுத வேண்டும். அவருடைய தம்பி 2009 வைகாசியிலிருந்து இல்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. செத்தவர்கள் திரும்பி வீட்டுக்கு வரும் நோர்வேஜியப் படமொன்று 2024இல் வந்தது. ஒஸ்லோவிலேயே நடக்கும் கதை. தேயா விஸ்தெண்டால் என்ற பெண் இயக்குநர் எடுத்தது. அதன் கதையைச் சொல்லி, 'எவ்வளவு பயமான படம்!' என்றோம். அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, 'என்ர தம்பி அப்பிடி வந்தால் நான் கதவைத் திறப்பன்' என்றார்.

அதன் பிறகு நாங்கள் படக்கதை பேசவில்லை.

ரொம்சோஸில் எடுத்த படம்

எம்மவர்கள் பலர் வாழும் குரூருட்டாலன் பள்ளத்தாக்கில், மலைமேல் இருக்கிறது ரொம்சோஸ். பாறையைக் குடைந்து அதற்குள் கட்டிய சுரங்க ரயில் நிலையம் 1974இலிருந்து அங்கே இருக்கிறது. அந்தத் தொடர்மாடிகளுக்கு நடுவே எஸ்கில் வொக்த் என்ற இயக்குநர் ஒரு படம் எடுத்தார். 2021இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. பெயருக்குக் 'குற்றமற்றவர்கள்' என்று பொருள்.

அதில் இருட்டு வீடு இல்லை. பாழடைந்த மாளிகை இல்லை. கோடை விடுமுறை, நல்ல வெயில், எங்கள் பிள்ளைகள் விளையாடுவது போன்ற விளையாட்டு முற்றம். நாலு பிள்ளைகள். அவர்களுக்கு மனத்தால் பொருட்களை அசைக்கவும் ஒருவர் நினைப்பதை மற்றவர் அறியவும் முடிகிறது. முதலில் விளையாட்டு. பிறகு ஒரு பூனைக்குக் கொடுமை செய்கிறார்கள். பிறகு அதைவிடப் பெரியது. மேல்மாடி யன்னல்களில் பெற்றோர் சமைக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள். கீழே நடப்பது ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் சொல்வதும் இல்லை.

பேய்ப் படம் பயமில்லை என்று சொன்ன நாங்கள் இந்தப் படத்துக்குப் பயந்தோம். பூனைக்கோ மந்திர சக்திக்கோ அல்ல. அந்தப் பெற்றோருக்காக. பிள்ளை முன்னால் இருக்கிறது, சாப்பிடுகிறது, ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. நாங்கள் தட்டித்தடவிப் பேசும் மொழியில் எங்கள் பிள்ளைகள் கனவு காண்கிறார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் விரைவாக ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். பாதிதான் விளங்குகிறது. 'சந்திரமுகி'யைப் பார்த்து ஏன் பயந்தோம் என்று அன்று எங்களுக்கு விளங்கியது.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் மகனுக்குப் பதினொரு வயது. நண்பன் வீட்டில் பிறந்தநாளுக்குப் போனபோது, தொலைபேசியில் யாரோ ஒரு பேய்ப் படத்தின் துண்டைக் காட்டியிருக்கிறார்கள். அன்றிரவு படுக்கவில்லை. விளக்கை அணைக்க விடவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? சிரித்தோம். 'நாங்கள் உன்ர வயசில ஷெல்லடிக்குள்ள இருந்தனாங்கள். நீ உதுக்குப் பயப்பிடுறியே?' என்று கேட்டோம்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கைத் தானே அணைத்துவிட்டுப் படுத்தான். அதற்கடுத்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் சொல்வதை நிறுத்திவிட்டான். கேட்டால், 'ஒண்டும் இல்லை' என்பான். படுக்கையில் விழித்துக்கொண்டு கிடப்பதைத் தாய்தான் கண்டார்.

வாசகர்களே, நாங்கள் செய்தது பிழை. எங்களுடைய பயம் பெரியது என்பதற்காகப் பிள்ளையின் பயம் பொய்யாகிவிடாது. எங்களிடம் எந்தப் பயத்தைச் சொன்னாலும் அதைப் போருடன் நிறுத்துப் பார்ப்போம் என்றால், பிள்ளை பிறகு எதையும் கொண்டுவராது. நாளைக்கு யாராவது அவனை அடித்தாலும் சொல்லமாட்டான். ரொம்சோஸ் படத்தின் பெற்றோராக எங்களை ஆக்குவது நாங்களேதான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனைக் கூப்பிட்டு, 'அந்தத் துண்டை எங்களுக்கும் காட்டு' என்றோம். தயங்கினான். யன்னல் திரையைத் திறந்து வைத்தோம். முதலில் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுப் போட்டோம். ஒரு பெண் மெதுவாக நடந்து வந்து கமராவைப் பார்த்து வாயைத் திறந்தாள். சத்தமில்லாமல் பார்த்தால் பல் வைத்தியரிடம் போனவள் போல இருந்தது. அவனே முதலில் சிரித்தான். இரண்டாம் முறை சத்தத்தோடு போட்டோம். எந்த இடத்தில் சத்தம் கூடுகிறது என்று கையை உயர்த்திக் காட்டினான். மூன்றாம் முறை 'இப்ப வரும், இப்ப வரும்' என்று எங்களுக்குச் சொல்லித்தந்தான். செலவில்லாத வழி, நீங்களும் செய்து பார்க்கலாம்.

புதிதாக வந்த பெற்றோர் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நாட்டில் படங்களுக்கு வயதெல்லை சட்டப்படி உண்டு. 12 வயதுப் படத்தைத் தாய் தகப்பனோடு வந்தால் 9 வயதுப் பிள்ளை பார்க்கலாம். 15 வயதுப் படத்தை அவ்வாறே 12 வயதுப் பிள்ளை பார்க்கலாம். 18 என்றால் 18தான், பெற்றோர் கூட வந்தாலும் விடமாட்டார்கள். வளர்ந்தவர்களின் படங்களை முன்கூட்டித் தணிக்கை செய்வதை 2004இல் இவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பிள்ளைகளைப் பாதுகாப்பதை நிறுத்தவில்லை. எங்கள் வீடுகளில் தமிழ்ப் படம் என்றால் எதையும் குடும்பத்தோடு பார்க்கும் பழக்கம் உண்டு. 'அரண்மனை' சிரிப்புப் படம்தானே என்று நாலு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துப் பார்க்கிறோம். பிள்ளைக்குச் சந்தானத்தை விளங்காது, பேய் மட்டும் விளங்கும்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதுவருட இரவில் ஒஸ்லோ வானம் முழுவதும் வெடிக்கும்போது குளியலறைக்குள் போய் இருப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். நாங்களும் அப்படி இருந்தோம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நித்திரை வராமல் தொடர்ந்து கஷ்டப்பட்டால் குடும்ப வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம்.

அந்தச் சனிக்கிழமை தொலைபேசியை மூடி வைத்த பிறகு மகன், 'அப்பா, உங்களுக்கு என்ன பயம்?' என்று கேட்டான். சாக்குக் கட்டிய யன்னலையும், நின்றுபோன ஜெனறேற்றரையும், ஒழுங்கை நாய்களையும் அன்றுதான் முதன்முதலாக அவனுக்குச் சொன்னோம். 'நாய் கடிச்சதோ?' என்று கேட்டான். 'இல்லை, நாய்கள் எங்களுக்குச் சொல்லித் தந்ததுகள்' என்றோம். கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு இருந்தான்.

அன்றிரவு கீழ்மாடியில் ஒரு நாய் குரைத்தது. மகன் தன் அறையிலிருந்து எழுந்து வந்து கதவடியில் நின்றான். 'அது இரண்டாம் மாடி நாய், அப்பா. வெளியில போகக் கேக்குது. நீங்கள் படுங்கோ' என்றான்.

உங்கள் வீட்டில் யாருக்கு எது பயம்? ஒரு முறை கேட்டுப் பாருங்கள். முடிந்தால் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள்.